வயோதிகமும் சாக்ஸபோனும்

பெங்களூரிலிருந்து ஓசூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் கர்நாடக மாநிலத்தின் எல்லையூர் அத்திபெலே. ஊரைக் கடந்தால் எல்லை. எல்லையைக் கடந்தால் தமிழ்நாடு. கன்னடம், தமிழ், தெலுங்கு ஆகிய மும்மொழிகளும் அங்கே ஒரே கடைத்தெருவில் காதில் விழும். வாத்தியங்களின் நிலையும் அதுவே. எல்லைக்குத் தெற்கே திருமணம் என்றால் நாகசுரமும் தவிலும் என்பது எழுதாத சட்டம். வடக்கே வந்துவிட்டாலோ, தவிலுக்குப் பக்கத்தில் நாகசுரம் இருந்தாலும் இருக்கும். வளைந்த பித்தளைக் குழலொன்று பளபளத்துக்கொண்டு இருந்தாலும் இருக்கும். அக்குழலே சாக்ஸபோன்.

சில ஆண்டுகளுக்கு முன் அவ்வூர்த் திருமண மண்டபமொன்றில் நாம் விருந்தினராக அமர்ந்திருந்தோம். சாக்ஸபோன் வாசித்த பெரியவருக்கு வயது எழுபதுக்குக் குறையாது. முகூர்த்த வேளையில் கெட்டிமேளத்தோடு ஊதி முடித்தார். அதில் விசேஷம் ஒன்றுமில்லை. பந்தி தொடங்கிக் கூட்டம் கலைந்த பிறகு, கேட்பார் அதிகம் இல்லாத அந்நேரத்தில், கல்யாணியை மெல்ல எடுத்தார். நாலைந்து ஸ்வரங்கள், குழலை வாயினின்றும் எடுத்து ஒரு மூச்சு, மறுபடியும் நாலைந்து ஸ்வரங்கள். இளைஞரானால் ஒரே மூச்சில் கொட்டிவிடக்கூடிய சங்கதியை அவர் மூன்றாகப் பகுத்து வைத்தார். பகுத்த இடங்கள் யாவும் ராகம் தானே நின்று இளைப்பாறும் இடங்களாக இருந்தன. இலையில் பாயசம் விழுந்ததைக்கூடக் கவனியாமல் கேட்டுக்கொண்டிருந்தோம் என்று ஒப்புக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை.

பாட்டுக்காரர் முதுமையில் பாடுவதை நாம் அறிவோம். செம்மங்குடி சீனிவாச ஐயர் தொண்ணூறை ஒட்டிய பிராயத்திலும் மேடையில் அமர்ந்து பாடியதைக் கேட்டவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். குரல் தளர்ந்தாலும் ஞானம் தளராது என்று சொல்லி ரசிகர்கள் மகிழ்ந்தார்கள். ஆனால் ஊதும் வாத்தியத்தில் அத்தகைய சலுகைக்கு இடம் குறைவு. மூச்சு இல்லையேல் நாதமே இல்லை. அங்ஙனமிருக்க, எண்பது வயதில், தொண்ணூறு வயதில், ஏன், நூறு வயதில்கூட மேடையேறி ஊதியவர்கள் உண்டு என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். அவர்களுள் ஒருவருடைய மூச்சு நம் நாகசுரத்தோடும் பெங்களூரோடும் கலந்தது என்பதே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

முதலில் வாத்தியத்தைப் பற்றிச் சில சொற்கள். பெல்ஜியம் நாட்டில் 1814-ல் பிறந்த அடால்ப் சாக்ஸ் என்பவர் 1840களின் தொடக்கத்தில் இதனைச் செய்து, 1846-ல் பிரான்சு நாட்டில் காப்புரிமை பெற்றார். இராணுவ பாண்டு வாத்தியக் குழுக்களே இதனை முதலில் ஆதரித்தன. உடல் முழுதும் பித்தளையாயினும் வாத்திய நூலோர் இதனை மரக்குழல் இனத்தில் சேர்ப்பார்கள். ஏனெனில் ஒலி பிறப்பது பித்தளையில் அன்று, வாயில் வைக்கும் நாணல் தகட்டில். நம் நாகசுரத்தின் சீவாளியும் காவிரிக் கரையில் விளையும் கொறுக்கை என்னும் நாணலால் செய்யப்படுவதே. சீவாளியில் தகடுகள் இரண்டு, சாக்ஸபோனில் ஒன்று. உறவு சொல்ல வேண்டுமானால் இவ்விரண்டையும் ஒன்றுவிட்ட சகோதரர் எனலாம்.

ஆயினும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாகசுரத்தில் விரலே துளையை மூடுகிறது. விரலைச் சிறிது நெகிழ்த்தினால் ஸ்வரம் குழையும், கமகம் பிறக்கும். சாக்ஸபோனில் விரலுக்கும் துளைக்கும் நடுவே சாவி ஒன்று வந்து நிற்கிறது. சாவி திறக்கும், அல்லது மூடும், நெகிழ்ச்சி அறியாது. கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வரும், குழைவு வராது என்பதற்காகவே நம் நாட்டு வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்தது. அக்காலத்து அதிகாரிகள் முன் ஒரு சாக்ஸபோனைக் கொண்டுபோய்க் கர்நாடக சங்கீதம் வாசிக்கிறேன் என்று எவரேனும் நின்றிருந்தால் என்ன மறுமொழி கிடைத்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க நமக்குச் சிரிப்பு வருகிறது.

இந்தியாவுக்கு இவ்வாத்தியம் இராணுவ பாண்டுகளோடும் சமஸ்தானத்து அரண்மனை பாண்டுகளோடும் வந்தது. ஜாஸ் என்னும் அமெரிக்க நீக்ரோ மக்களின் இசையாக, அது பெரிய ஓட்டல்களின் ஆடல் மண்டபங்களில் குடிபுகுந்தது. 1935-ல் லியோன் ஆபி என்பவரின் குழு பம்பாய் தாஜ்மகால் ஓட்டலில் வந்து வாசித்தது. பிறகு 1939 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அதே ஓட்டலில் குழுத் தலைவராக இருந்தவர் மிக்கி கொரியா. 1913-ல் ஆப்பிரிக்காவின் மொம்பாசாவில் பிறந்த இந்தச் சாக்ஸபோன் கலைஞர் 2011 வரை வாழ்ந்தார். இத்தகைய குழுக்களில் வாசித்தவர்களுள் பெரும்பாலோர் கோவாக் கிறிஸ்தவர்கள். மாதா கோயில் பள்ளிகளில் இசைக்குறியீடு கற்றவர்கள்.

ஜாஸ் என்றால் இளமையின் தீ என்றே உலகம் அக்காலத்தில் எண்ணியது. அதற்குக் காரணமும் இருந்தது. சாக்ஸபோன் வாசிப்பையே புரட்டிப் போட்ட சார்லி பார்க்கர் 1955-ல் மறைந்தபோது அவருக்கு வயது 34. நம் நாட்டு இசையில் பெரும் ஈடுபாடு கொண்டு, தம் மகனுக்கே ரவிசங்கரின் பெயரை இட்ட ஜான் கோல்ட்ரேன் 1967-ல் 40 வயதில் மறைந்தார். இரவு விடுதி, புகை, மது, அதனினும் கொடிய போதைப் பழக்கம், நிறவெறி, நிலையில்லாத ஊதியம் ஆகியவற்றுக்கு நடுவே முதுமையைக் காண்பதே ஒரு வெற்றியாக இருந்தது. ஆகவே ஜாஸில் வயோதிகர் எப்படி வாசிப்பார் என்பதற்கு முன்மாதிரி கிடையாது. முதலில் முதுமை எய்தியவர்கள் தாமே அதனைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

அவர்களுள் நமக்கு நெருங்கியவர் சார்லி மரியானோ. 1923-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். ஜானி ஹாட்ஜஸ், சார்லி பார்க்கர் ஆகியோர் வாசிப்பில் ஊறி வளர்ந்தவர். 1950களில் ஸ்டான் கென்டனின் பெருங்குழுவில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசித்தார். சார்லஸ் மிங்கஸ் 1963-ல் வெளியிட்ட புகழ்பெற்ற இசைத்தட்டாகிய 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'யில் உருகி அழும் சாக்ஸபோன் இவருடையதே. பாஸ்டன் பெர்க்லி இசைப்பள்ளியில் ஆசிரியராகவும் இருந்தார். நாற்பது வயதில் பெயரும் வேலையும் நிலைத்துவிட்ட ஒருவர் இனி என்ன செய்வார்? பெற்றதைக் காத்துக்கொண்டு இருப்பார். மரியானோ அவ்வாறு இருக்கவில்லை.

1960களின் பிற்பகுதியில் மலேசிய வானொலியின் இசைக்குழுவினருக்குப் பயிற்சி தரும் பொருட்டு அவர் கோலாலம்பூருக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்டுக்குத் தோட்ட வேலைக்கும் இரயில்வே வேலைக்கும் சென்ற தமிழர்கள் தங்கள் கோயில்களையும், கோயிலோடு நாகசுரத்தையும் கொண்டு சென்றிருந்தார்கள். அங்கேதான் மரியானோவின் காதில் முதன்முதலாக நாகசுரம் விழுந்தது. கேட்டதோடு நிற்காமல் கற்கத் தொடங்கினார். 1970களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவுக்கே வந்து சில மாதங்கள் தங்கிப் பயின்றார்.

இது எத்துணைக் கடினமான காரியம் என்பதை வாத்தியம் ஊதியவர்களே அறிவர். சாக்ஸபோனை வாசிப்பவர் மேற்பல்லை வாய்க்கட்டையின்மேல் ஊன்றி, கீழுதட்டால் தகட்டைத் தாங்குகிறார். நாகசுரத்திலோ பல்லுக்கு வேலையில்லை. சீவாளி இரு உதடுகளுக்கும் நடுவே நிற்க, உதட்டின் பிடியும் மூச்சின் அழுத்தமுமே ஸ்வரத்தை உயர்த்தித் தாழ்த்தும். முப்பது ஆண்டுகளாகப் பழகிய வாய்ப்பழக்கத்தை விட்டு, உலகறிந்த வித்துவான் ஒருவர் பிள்ளைகளைப் போல ஸரளி வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். தொழிலில் தேர்ந்தவர்கள் அவமானம் என்று அஞ்சுவது இதற்கே. மரியானோ அஞ்சவில்லை. அவர் நம் நாட்டு நாகசுர வித்துவான்களுக்கு நிகராக வாசித்தார் என்று நாம் சொல்லமாட்டோம். அவரும் அப்படிக் கருதியிருக்கமாட்டார். ஆனால் 1975-ல் எபர்ஹார்டு வெபர் என்னும் ஜெர்மானியக் கலைஞரின் 'யெல்லோ ஃபீல்ட்ஸ்' இசைத்தட்டில் அவர் ஊதும் நாகசுரத்தைக் கேட்டால், வேடிக்கைக்காக வாங்கிய வாத்தியம் அன்று அது என்பது விளங்கும். நாகசுரம் அவர் சாக்ஸபோனுக்குச் செய்த உதவியே பெரிது. ஸ்வரத்தைக் கீழிருந்து இழுத்து வந்து சேர்ப்பது, சேர்ந்த பிறகும் அசைத்து நிறுத்துவது ஆகியவை அவருடைய பித்தளைக் குழலுக்குள் குடியேறின.

அதன் பயன் பெங்களூரில் தெரிந்தது. டி.ஏ.எஸ். மணி என்னும் மிருதங்க வித்துவான் 1964-ல் அந்நகரில் கர்நாடகத் தாளவாத்தியக் கல்லூரியை நிறுவினார். அவருடைய துணைவியார் ஆர்.ஏ. ராமமணி வாய்ப்பாட்டுக் கலைஞர். இக்கல்லூரிக் குழுவினரும் மரியானோவும் சேர்ந்து 1983-ல் ஜெர்மனியில் 'ஜ்யோதி' என்ற இசைத்தட்டைப் பதிவு செய்தனர். அப்போது மரியானோவுக்கு வயது 59. நம் நாட்டு உத்தியோகஸ்தர்கள் ஓய்வுச் சம்பளத்துக்கு விண்ணப்பம் எழுதும் வயது. ஜாஸில் அடிக்கடி மாறிச்செல்லும் ஸ்வரக்கூட்டுகளின்மேல் கற்பனை செய்து பழகியவருக்கு இங்கே அந்தத் துணை கிடையாது. சுருதி ஒன்றே; அது அசையாது. கீழே மிருதங்கமும் கடமும் கஞ்சிராவும் கணக்குப் போட்டுக்கொண்டே செல்லும்; கோர்வை முடியும் இடத்தில் தவறாமல் வந்து நிற்க வேண்டும். ராமமணியின் குரலோடு சாக்ஸபோன் ஒன்றாகச் செல்லும் இடங்களில், எது குரல் எது குழல் என்று ஒரு கணம் மயங்குகிறோம். இந்தக் கூட்டு ஒரு தட்டோடு முடிந்துவிடவில்லை. பல ஆண்டுகள் மேடைகளில் தொடர்ந்தது.

மரியானோவை இங்கே நிறுத்திவிட்டு, முதுமை என்னதான் செய்கிறது என்று பார்ப்போம். வயது ஏற ஏற மார்புக்கூடு இறுகுகிறது. நுரையீரலின் மீள்சக்தி குறைகிறது. ஒரு மூச்சில் உள்ளே செல்லும் காற்றும் வெளியே தள்ளும் வேகமும் குறைகின்றன. பற்கள் ஆடினால் வாய்ப்பிடி ஆடும். விரல் மூட்டுகள் மடங்க மறுக்கும். மேல்ஸ்தாயியின் கூர்மை காதில் மங்கும். இவற்றையெல்லாம் எவரும் வெல்ல முடியாது, ஒத்துப்போகத்தான் முடியும். மெல்லிய தகடாக மாற்றிக்கொள்வார்கள். வேகமான உருப்படிகளைக் குறைத்து விளம்ப காலத்தில் நிற்பார்கள். முன்னர் தாம் ஊதி நிரப்பிய இடத்தைத் தாளக்காரருக்கு விட்டுக்கொடுத்து, அவர் முடித்ததும் ஒரே ஒரு ஸ்வரத்தோடு திரும்பி வருவார்கள். அந்த ஒரு ஸ்வரத்துக்கு இளமையில் இல்லாத கனம் அப்போது உண்டாகிறது. நம் அத்திபெலேப் பெரியவர் செய்தது இதுவே அன்றோ?

பென்னி வாட்டர்ஸ் என்பவர் 1902-ல் பிறந்தவர். தொண்ணூறு வயதையொட்டிக் கண்பார்வை போயிற்று. போனபின்பும் ஊர் ஊராகச் சென்று வாசித்தார். நியூயார்க் 'பேர்ட்லேண்ட்' விடுதியில் 95-ஆம் பிறந்தநாள் கச்சேரி செய்து அதனைத் தட்டாகவும் வெளியிட்டு, 1998-ல் மறைந்தார். மார்ஷல் ஆலன் 1924 மே 25-ல் பிறந்தவர். சன் ரா என்பவரின் குழுவில் 1958-ல் சேர்ந்து, 1995 முதல் அக்குழுவுக்கே தலைவரானவர். நூறு வயது நிறைந்த பிறகுதான் தம் பெயரில் முதல் தனி இசைத்தட்டைப் பதிவு செய்தார். அது 2025-ல் வெளிவந்தது. அதற்குமுன் வெளியிட ஏன் அவசரம் என்று எண்ணினார் போலும்!

எல்லாருக்கும் அந்தப் பேறு வாய்ப்பதில்லை. 1930-ல் பிறந்த சன்னி ரோலின்ஸ் மூச்சு வலிமைக்கே பெயர்பெற்றவர். துணையின்றித் தனியாக நின்று நெடுநேரம் ஊதக்கூடியவர். 1960-ஐ ஒட்டி, மேடையை விட்டு விலகி, நியூயார்க்கில் ஒரு பாலத்தின்மேல் நின்று சாதகம் செய்தார். 1968-ஐ ஒட்டிப் பம்பாய் பவாயில் ஓர் ஆசிரமத்தில் தங்கி வேதாந்தம் பயின்றார். 1978-ல் பம்பாயில் நடந்த முதல் 'ஜாஸ் யாத்ரா' விழாவில் வந்து வாசித்தார். அவருக்கே நுரையீரல் நார்க்கட்டி நோய் வந்தது. 2012-ல், 82-ஆம் வயதில், அவருடைய மேடை வாழ்வு முடிவுற்றது. காற்றையே செல்வமாகக் கொண்டவனிடம் காற்றையே பறித்துக்கொள்வது கொடுமை என்றுதான் நமக்குத் தோன்றுகிறது.

அதே ஜாஸ் யாத்ரா 1980-ல் மீண்டும் நடந்தபோது, மேடையில் ஒரு புதுமை நிகழ்ந்தது. நெற்றியில் திருநீறும் குங்குமமும் தரித்த இளைஞர் ஒருவர் சாக்ஸபோனில் கர்நாடக ராகங்களை வாசித்தார். அவர் கத்ரி கோபால்நாத். கேட்டுக்கொண்டிருந்த அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் ஜான் ஹேண்டி தாமும் சேர்ந்து வாசிக்க விரும்பி மேடையேறினார். கோபால்நாத் 1949-ல் தென்கன்னட மாவட்டத்தில் ஒரு நாகசுர வித்துவானின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதில் மைசூர் அரண்மனை பாண்டில் சாக்ஸபோனைக் கேட்டு அதன்மேல் ஆசை கொண்டார். மங்களூரில் கோபாலகிருஷ்ண ஐயரிடமும், சென்னையில் டி.வி. கோபாலகிருஷ்ணனிடமும் பயின்றார். சாவிகள் கமகத்துக்கு இடங்கொடா என்று முன்னே கூறினோம். அவர் வாத்தியத்தில் சில மாறுதல்களைச் செய்தும், உதட்டாலும் மூச்சாலும் ஸ்வரத்தை வளைத்தும் அந்தத் தடையைக் கடந்தார். அதற்கு அவருக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. 1994-ல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் பிபிசியின் பிராமனாட் கச்சேரியில் வாசித்தார். அதே ஆண்டில் வெளியான 'டூயட்' திரைப்படத்தால் தமிழ்நாட்டுக் குழந்தைகளும் சாக்ஸபோனின் பெயரைச் சொல்லக் கற்றன. 2004-ல் பத்மஸ்ரீ விருது.

நாகசுரக்காரரின் மகன் சாக்ஸபோனைத் தேடிச் சென்றார். சாக்ஸபோன்காரர் நாகசுரத்தைத் தேடி வந்தார். இருவரும் எதிரெதிர்த் திசையில் ஒரே பாதையில் நடந்தவர்கள். ஆயின் கோபால்நாத்துக்கு நீண்ட முதுமை கிட்டவில்லை. 2019 அக்டோபர் 11-ஆம் நாள், எழுபது நிறையுமுன் மங்களூரில் காலமானார். சாக்ஸபோனில் ஒரு கர்நாடக வித்துவானின் எண்பது வயது வாசிப்பு எப்படியிருக்கும் என்பதை அவரிடம் கேட்கும் வாய்ப்பு நமக்கு இல்லாமற்போயிற்று. ராஜரத்தினம் பிள்ளையும் 1956-ல் 58 வயதில் மறைந்தவரே. ஊதும் வாத்தியத்தில் முதிர்ந்த நாதத்தைக் கேட்டுப் பழக நம்மவர்களுக்கு வாய்ப்பு மிகவும் குறைவு.

இந்திய ஜாஸில் அந்த வாய்ப்பு ஓரளவு கிடைத்தது. கோவாவின் பிராஸ் கோன்சால்வஸ் கல்கத்தா பார்க் தெரு 'புளூ ஃபாக்ஸ்' விடுதியில் லூயி பேங்க்ஸோடு வாசித்துப் பெயரெடுத்தவர்; 1970-லேயே 'ராகா ராக்' என்று தட்டு வெளியிட்டவர். எண்பதைக் கடந்த பின்னும் கோவா மேடைகளில் அவர் சாக்ஸபோனோடு நின்றார். இந்தித் திரையிசையில் எண்ணற்ற பாடல்களுக்கு ஊதிய மனோகரி சிங் (1931–2010) எழுபது கடந்த பிறகு ஆர்.டி. பர்மன் நினைவுக் கச்சேரிகளில் மேடைக்கு வந்தார். பல்லாண்டுகளாகத் தாங்கள் கேட்டு மயங்கிய குழலுக்கு உரியவர் இவர்தாம் என்பதை அப்போதுதான் பலர் கண்டனர். பழைய தட்டுகளின் உறைகளில் பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் இருக்கும். ஊதியவர் பெயர் இராது. ஓட்டல் குழுக்களின் வாசிப்போ பெரும்பாலும் தட்டிலும் ஏறவில்லை. அவ்விசைக்கு எஞ்சிய ஏடு அந்த முதியவர்களின் விரல்களும் உதடுகளுமே. அவர்களில் ஒருவர் மேடையேறிய ஒவ்வொரு மாலையும் அந்த ஏட்டின் ஒரு பக்கம் திறந்தது என்க.

மரியானோவிடம் திரும்புவோம். பிற்காலத்தில் ஜெர்மனியின் கொலோன் நகரில் குடியிருந்தார். புற்றுநோய் கண்டது, அதனோடு பல ஆண்டுகள் வாழ்ந்தார், வாசிப்பை விடவில்லை. 2008 மே மாதம் ஸ்டுட்கார்ட் நகரில், பெல்ஜியத்துக் கித்தார் கலைஞர் பிலிப் கேத்தரின், டச்சுப் பியானோ கலைஞர் யாஸ்பர் வான்ட் ஹாஃப் ஆகிய பழைய தோழர்களோடு கச்சேரி செய்தார். வயது 84. அந்தப் பதிவு வெளிவந்திருக்கிறது. அதில் தாளவாத்தியம் கிடையாது; மூவரே. சொற்றொடர்கள் குறுகிவிட்டன, ஆனால் ஸ்வரத்தைக் கீழிருந்து இழுத்து வந்து நிறுத்தும் அந்தப் பழக்கம், கோலாலம்பூர்க் கோயிலில் பிடித்துக்கொண்டது, அப்படியே இருக்கிறது. 2009 ஜூன் 16-ஆம் நாள் கொலோனில் அவர் காலமானார்.

அத்திபெலே மண்டபத்தில் அன்று பந்தி முடிய மூன்று மணி ஆயிற்று. பெரியவர் தகட்டைக் கழற்றித் துணியால் துடைத்து, சிறு டப்பாவில் வைத்து மூடினார். தவில்காரர் வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டார். ஓசூரில் மாலை வரவேற்பு ஒன்று இருக்கிறதாம். இருவரும் வளைவைத் தாண்டிச் செல்லும் பேருந்துக்காகச் சாலையோரம் போய் நின்றார்கள்.